வேர் விற்கிற ஊர்

ஊட்டி கேரட்டின் நுனியில் நூல் மாதிரி ஒரு வால் தொங்கும். கழுவும் இயந்திரத்தில் உருண்டு புரண்டு வந்த பிறகும் சிலவற்றில் அது அறுபடாமல் இருக்கும். நேற்று அதைக் கிள்ளி எறியும்போதுதான் உறைத்தது: அந்த மலை நமக்கு அனுப்பும் காய்களில் எத்தனை மண்ணுக்கு அடியில் விளைபவை! கேரட், பீட்ரூட், டர்னிப், முள்ளங்கி, உருளைக்கிழங்கு. (உருளை வேர் அல்ல, தண்டு என்று தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தோண்டித்தானே எடுக்கிறோம்?)

கோத்தகிரிப் பக்கம் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது, பாதியைப் பிடுங்கிவிட்டு கேரட் போடத் துணிந்தார். விடுமுறைக்குப் போன நான் வேடிக்கை பார்த்தேன். ஒரு பக்கம் கிளையை வெட்டி நட்டு வளர்த்த புதுச்செடிகள். அவற்றுக்கு ஆணிவேர் கிடையாது. நாலு வெட்டு வெட்டினால் சல்லிவேரோடு கையில் வந்துவிட்டன. மறுபக்கம் தாத்தா காலத்து விதைச்செடிகள். தேயிலை உண்மையில் மரம். கவாத்து செய்து செய்து நாம்தான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். தலையை வெட்டலாம், கால் தன்பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். ஒரே ஒரு தூருக்குச் சங்கிலி கட்டி மூன்று பேர் அரைநாள் இழுத்தார்கள். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பக்கத்திலிருந்து எவனோ புடிச்சு இழுக்கிறான்டா" என்றார்.

தோற்றுப்போய், மிச்சத் தூர்களை எல்லாம் தரையோடு அறுத்துவிட்டு, மேலே மண் போட்டுப் பாத்தி கட்டினார். அதுவும் சரிவோடு, மேலிருந்து கீழாக. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடுமே!

அறுத்த மறுநாளே மலை தளர்ந்துவிடாது. செத்த வேரும் சில ஆண்டுகள் சம்பளமில்லாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். மட்க மட்கத்தான் பிடி விடும். வெட்டியவனுக்குத் தான் வெட்டியதே மறந்துபோகும் அளவுக்கு அவகாசம் கொடுக்கிற மலை அது. தாத்தாவும் ஒன்றும் புனிதரல்லர். அவருடைய தேயிலைக்கு முன்பு அங்கே சோலையும் புல்வெளியும் இருந்திருக்கும்.

2009 நவம்பர் 10. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. அந்த மழைக்கால மண்சரிவுகளில் நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாமாவின் கேரட் பாத்திகள் கீழே சாலையில் கிடந்தன. "இந்த மழைக்கு எந்த மலைதான் நிக்கும்?" என்றார். நியாயம்தான். பாறைமேல் கிடக்கும் களிமண் நீர் குடித்துக் கனத்து, வேர் எட்டாத ஆழத்தில் நழுவினால் எந்த ஆணிவேரும் தடுக்காது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பொக்லைன் அடிவாரத்தைக் குடைந்திருந்ததும் உண்மை. ஆனாலும், பிடுங்காமல் விட்ட பாதித் தேயிலை பக்கத்திலேயே அசையாமல் நின்றது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றோம்.

சரிந்த இடத்தின் மண்சுவரில் விரல் பருமனில் ஒரு பழைய வேர் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். பலமே வேண்டியிருக்கவில்லை, கையிலேயே பொடிந்து கொட்டியது.

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விட்டுட்டான் போலிருக்கு" என்றார்.