மாட்டை விட்டுவிட்டு மூன்று நாள் மாமல்லபுரம்

பதினான்கு வருஷமாக நானும் என் மனைவியும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. ஏனாத்தூரில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நெல், மூன்று கறவை மாடு. கல்யாணம், காதுகுத்து என்றால் ஒருவர் போவோம், ஒருவர் மாட்டோடு இருப்போம். மாடு வைத்திருக்கிற வீடுகளில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

தை அறுவடை முடிந்ததும் அவள்தான் பேச்சை எடுத்தாள். "ஏங்க, கூப்பிடு தூரத்துல கடல் இருக்கு. ஒரு தடவை நிதானமா உட்கார்ந்து பார்த்துட்டு வரலாமே." பக்கத்து வீட்டு அக்கா பால் கறக்க ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் முன்பிருந்தே என் மனைவியின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கறந்து பழக்கினார். இரண்டு மாடுகள் ஒத்துக்கொண்டன. செவலை மட்டும் முரண்டு பிடித்தது. நடப்பது நடக்கட்டும் என்று மாசியில் கிளம்பிவிட்டோம்.

செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக மதியத்துக்குள் மாமல்லபுரம். மீனவர் தெருவில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தோம், நாளைக்கு 900 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் கடல்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. கறக்க மாடு இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை. கரைக்குப் போய் உட்கார்ந்தோம். வெளிச்சம் வந்ததும் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. வலையிலிருந்து சங்கராவும் காரப்பொடியும் உதறி எடுத்தார்கள். தறி வீட்டில் பிறந்தவள் என் மனைவி. கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மயில் கழுத்துக் கலர்" என்றாள். பட்டுப்புடவைக்குச் சொல்கிற பெயர் அது. (அலை இழுக்கிற கடல் இது. முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.)

காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன்தான் இங்கே கடற்கரைக் கோயிலையும் கட்டியவன். அதையும் ஐந்து ரதங்களையும் சீட்டு வாங்கிப் பார்த்தோம். ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது கிருஷ்ண மண்டபத்தில். கண்ணன் மலையைத் தூக்கி நிற்க, அதன் கீழே ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. கன்றை நக்கவிட்டால்தான் மாடு பாலை இறக்கும் என்பது ஏழாம் நூற்றாண்டிலேயே கல்லில் இருக்கிறது. செதுக்கியவன் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பழகியவனாகத்தான் இருக்க வேண்டும். என் மனைவி அங்கேயே போனை எடுத்துவிட்டாள். "அக்கா, செவலைக்குக் கன்னை முன்னாடி கட்டுங்க, நக்கட்டும்." முதல் நாள் இரண்டு லிட்டர் குறைந்திருந்தது. அன்று சாயந்திரம் ஒரு லிட்டர்தான் குறைவு என்று தகவல் வந்தது. அதன் பிறகுதான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் நேரே ஊர் திரும்பவில்லை. தெற்கே கல்பாக்கம் தாண்டி வாயலூர் போனோம். திருமுக்கூடலில் வேகவதியையும் செய்யாற்றையும் சேர்த்துக்கொண்டு வருகிற நம் பாலாறு கடலில் கலப்பது அங்கேதான். நம் பக்கத்தில் வெறும் மணலைப் பார்த்தே பழகிவிட்டோம். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதுகூடக் கனவு மாதிரி இருக்கிறது. வாயலூரில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும், கடலுக்குப் போகும் நல்ல தண்ணீரைத் தேக்கவும். டீக்கடையில் ஒரு பெரியவர், "அணைக்கு முன்னாடி எங்க கிணத்துல சோறு வடிக்க முடியாதுங்க, அவ்வளவு உப்பு" என்றார். இறங்கிப் போய் அணைக்கு மேல் பக்கம் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. காதில் கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இருட்டிய பிறகு வீடு வந்தோம். செவலை என் மனைவியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் காலையில்தான் பழைய அளவு கறந்தது.

அக்கா வீட்டில் இரண்டு மாடு. பங்குனியில் அவர்கள் குடும்பம் கடலுக்குக் கிளம்புகிறது. இப்போது என் மனைவி அக்காவின் புடவையைக் கட்டிக்கொண்டு அங்கே கறந்து பழகிக்கொண்டிருக்கிறாள்.