குடம் ஏந்தி நிற்கும் கொடி

வெள்ளவத்தை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன காலி வீதியின் சந்தடியும், கடலோரப் புகையிரதப் பாதையும், வானளாவும் அடுக்குமாடிகளுமே. அம்மாடிகளுள் ஒன்றின் பல்கனியில் பூச்சியை உண்ணும் செடி வளர்கின்றது என்றால் நம்புவோர் சிலரே. அது பிறநாட்டு அலங்காரச் செடியன்று; இலங்கைக்கே உரிய செல்வம்.

சிங்கள மக்கள் இதனைப் பாந்துரா என்பர். தமிழில் குடுவைச் செடி எனலாம். இவ்வினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உலகில் உள்ளன. இலங்கைக் காடுகளில் வளர்வது ஒன்றே. அதுவும் வேறெந்நாட்டிலும் இயற்கையாக வளராதது. சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு 'நெப்பந்தீஸ் டிஸ்டிலேட்டோரியா' எனப் பெயர் சூட்டினார். 'நெப்பந்தீஸ்' என்ற சொல், ஹோமரின் காவியத்தில் வரும் துயர் போக்கும் மருந்தின் பெயரிலிருந்து பிறந்தது.

இதனை இயற்கைக் கோலத்திற் காண விரும்புவோர், இரத்தினபுரி வழியாகக் கலவானையைக் கடந்து சிங்கராஜ வனத்துக்குச் செல்லவேண்டும். 1988இல் உலக மரபுரிமைத் தலமான அவ்வனத்தின் பாதையோரங்களில், பன்னங்களைப் பற்றிப் படர்ந்து இக்கொடி நிற்கும். அதில் தொங்கும் குடங்கள் மலர்களல்ல, இலைநுனியின் நீட்சிகளே. பூச்சி புகுந்ததும் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும் எனச் சிலர் கூறுவர். அது தவறு. மூடி அசைவதில்லை; மழைநீர் நிறையாது காப்பதே அதன் பணி. விளிம்பில் ஊறும் தேனை நாடி வரும் எறும்பு, வழுக்கி உள்ளே வீழ்ந்து சீரண நீரிற் கரைகின்றது. வளமற்ற மண்ணில் கிடைக்காத நைதரசனைக் கொடி இவ்வாறு பெறுகின்றது. என்னே இயற்கையின் விந்தை!

காட்டுக் கொடியைப் பிடுங்குவது தகாது. விதையே நேரிய வழி. கொட்டாஞ்சேனையில் அன்பரொருவரின் வீட்டுத் தொட்டிகளில் ஆண்கொடியும் பெண்கொடியும் ஒருங்கே பூத்தன. ஆம், இவ்வினத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடிகள். அவர் மனமுவந்து ஒரு சிட்டிகை விதை தந்தார். நூலிழை போன்ற அவ்விதைகள் காற்றிற் பறக்கும் இயல்பின. நெடுநாள் உயிர் தாங்கா. ஆதலின் உடனே விதைத்தல் வேண்டும்.

தென்னந் தும்புத்தூளைப் பலமுறை கழுவி, உப்பு நீக்கி, மணலுடன் கலந்து தொட்டியில் நிரப்பினேன். விதைகளைப் புதைக்காது மேலே தூவி, மழைநீர் தெளித்துக் கண்ணாடியால் மூடினேன். கடற்காற்றுப் படாத, ஒளிமிக்க மூலை அதற்கு உகந்தது. உரமிடல் ஆகாது, அது வேரைக் கெடுக்கும். ஆறாம் வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. பின்னர் வந்த இலைகளில் கடுகளவான குடங்கள்! ஓராண்டு சென்றும் செடி ஒரு ரூபா நாணயத்தின் அளவே. பொறுமையற்றோர்க்கு இத்தொழில் ஏற்றதன்று.

ஈரநிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்படுந்தோறும் இக்கொடியின் இருப்பிடம் சுருங்குகின்றது. அருகில் ஆண்கொடி இல்லையேல், எஞ்சிய பெண்கொடி பூத்தும் பயனில்லை, அதற்குச் சந்ததியில்லை. வனத்திலிருந்து ஒரு கொடியைக் களவாடுபவன், எடுத்துச் செல்வது ஒன்றெனினும், அழிப்பது ஒரு குலத்தையே. காட்டிற் காண்பதைக் கண்ணால் மட்டும் கொள்வோம். வீட்டில் விளையும் விதையை அயலாருடன் பகிர்வோம். இந்நாட்டுக்கே உரிய இச்செல்வத்தை நம் பிள்ளைகளும் பெயர் சொல்லி அறியட்டும்.