நிற்பதற்கு ஓர் ஏற்பாடு

மோட்டார் வண்டியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் அது எவ்வளவு வேகமாக ஓடும் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று கேட்பவர் மிகவும் அபூர்வம். மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவான். கார் வாங்கப் போகிறவனோ வர்ணத்தைப் பார்ப்பான், மெத்தையை அமுக்கிப் பார்ப்பான், ஹாரனை அடித்துப் பார்ப்பான். பிரேக் என்று ஒன்று இருப்பது, குறுக்கே ஒரு நாய் வரும்போதுதான் அவன் ஞாபகத்துக்கு வரும்.

நான் பல வருஷங்களாக இங்கிலாந்தில் வசிக்கிறேன். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் அபிங்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. எம்.ஜி. என்னும் பந்தய ஜாதி வண்டிகள் ஒரு காலத்தில் அங்கேதான் பிறந்தன. அவற்றுள் எம்.ஜி.பி. என்ற வகையை 1962 முதல் 1980 வரையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து அனுப்பினார்கள். இரண்டே ஆசனம், மடக்கி வைக்கக்கூடிய கூரை, 1,798 கன சென்டிமீட்டர் யந்திரம். 1965-இல் செய்த அத்தகைய வண்டி ஒன்று என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அது வந்த பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து எங்கும் வெளியே போனதில்லை என்பது என் மனைவியின் நெடுநாள் குறை.

என் மகளுக்கு அந்த வண்டியின் மேல் என்னைவிடப் பிரியம் அதிகம். சென்ற வருஷம் ஒரு நாள் அவள் தன் சிநேகிதியுடன் அந்த வண்டியில் ஆல்ப்ஸ் மலைக்குப் போகப் போவதாக அறிவித்தாள். அதுவும் சாதாரண வழியாக அல்ல. இத்தாலியில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய் வழியாக!

"அப்பா! வண்டியின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறது. பின் சக்கரங்களுக்கு மட்டும் பழைய டிரம் எதற்கு? பின்னாலும் டிஸ்க் மாட்டிவிடலாமே!" என்றாள்.

இவ்விடத்தில், மோட்டார் விஷயத்தில் பழக்கமில்லாத நேயர்களுக்குச் சிறிது விளக்கம் அவசியம். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சட்டி. அதன் உட்புறத்தில் பிறை வடிவமான இரண்டு கட்டைகள் இருக்கின்றன. காலால் பெடலை அமுக்கினால் கட்டைகள் விரிந்து சட்டியின் உள்விளிம்பில் உராயும், வண்டி நிற்கும். டிஸ்க் என்பது திறந்த வெளியில் சுழலும் இரும்புத் தட்டு. அதை இரு பக்கமும் இடுக்கி போலக் கவ்விப் பிடிக்கும் கருவிக்குக் காலிப்பர் என்று பெயர்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உஷ்ணத்தில்தான் வெளிப்படுகிறது. உராய்ந்தால் சூடு பிறக்கும். சூடேறிய சட்டி விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. கட்டையின் பிடிப்பும் குறைகிறது. பெடல் மேலும் மேலும் கீழே போகும். வண்டியோ போய்க்கொண்டே இருக்கும். தட்டு, சூட்டில் பருத்தாலும் இடுக்கியை நோக்கித்தான் பருக்கும்; காற்றில் சீக்கிரம் ஆறியும் விடும். லான்செஸ்டர் என்ற ஆங்கில நிபுணர் 1902-ஆம் வருஷத்திலேயே இந்தத் தட்டு முறைக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். ஆயினும் அதன் மகிமையை உலகம் அறிய ஐம்பது வருஷம் ஆயிற்று. 1953-இல் பிரான்சு தேசத்து லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வண்டி முதலாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. நன்றாக நிற்கத் தெரிந்த வண்டியே வேகமாகவும் ஓடியது!

அப்படியானால் அபிங்டன்காரர்கள் ஏன் பின்னால் டிரம்மை விட்டு வைத்தார்கள்? மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஓடும் வண்டியைத் திடீரென்று நிறுத்தினால் அதன் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். எங்கள் வண்டியில், பலமாகப் பிரேக் போடும்போது, பாரத்தில் பத்தில் ஏழு பங்கு முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. மிச்சம் மூன்று பங்கைத் தாங்கும் பின் சக்கரங்களுக்கு வேலை கொஞ்சந்தான். அந்த வேலைக்கு டிரம் தாராளமாகப் போதும். சாதாரணச் சாலையில் ஒரு தடவை நிறுத்துவதற்குப் பின் டிஸ்க்கினால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அப்போதும் அதைத்தான் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

இதோடு நில்லாமல் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பின் சக்கரங்களுக்கு அளவு மீறிப் பிடிப்பைக் கொடுத்துவிட்டால், பாரம் குறைந்த நேரத்தில் அவை முன் சக்கரங்களுக்கு முந்திச் சுழற்சியை நிறுத்திவிடும். முன் சக்கரம் இறுகினால் வண்டி நேராக வழுக்கும். பின் சக்கரம் இறுகினாலோ வண்டியின் வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். நல்ல சாமான் என்று நினைத்து மாட்டியதே நம்மைப் பள்ளத்தில் தள்ளும்.

"ஸ்டெல்வியோ சாதாரணச் சாலை அல்லவே, அப்பா!" என்றாள் மகள். அந்த வாதத்தை என்னால் தள்ள முடியவில்லை. அந்தக் கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தார் 1820-க்கும் 1825-க்கும் இடையில் போட்ட பாதை அது. பிராட்டோ என்ற ஊரின் பக்கமாக இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் சுமார் 1,800 மீட்டர். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். மனிதரும் மூட்டையுமாக 1,100 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் உஷ்ணமாக்கினால், 58 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை அடுப்பில்லாமல் காய்ச்சுகிற சமாசாரம் அது! யந்திரமும் காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்கும். மற்றதெல்லாம் பிரேக்கின் தலையில்தான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மலைமேல் நிறுத்தி இறங்கினால், வண்டி நிறுத்தின இடத்திலேயே நிற்குமா?"

நாங்கள் இருவரும் பேசாமல் இருந்த விஷயம் அது. கைப்பிரேக் பின் சக்கரங்களில்தான் வேலை செய்கிறது. அந்தக் காரியத்தில் டிரம்மை மிஞ்ச ஒன்றும் கிடையாது. தட்டைக் கவ்வும் கைப்பிரேக் எளிதில் தளர்ந்துவிடும். போதாததற்கு, 1965-ஆம் வருஷத்து வண்டியில் நாலு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகிறது. எங்கேனும் ஒரு குழாய் பழுதானால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். கைப்பிரேக் ஒன்றுதான் கதி. ஆகவே நான் இரண்டு நிபந்தனைகள் விதித்தேன். முதலில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைக்க வேண்டும். இரண்டாவது, பின் பிரேக்கின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வால்வு ஒன்று வைக்க வேண்டும். மகள் இரண்டுக்கும் சம்மதித்தாள்.

மூன்று வாரம், சனி ஞாயிறுகளில், வேலை நடந்தது. பழைய சட்டியைக் கழற்றியபோது உள்ளே இருந்த தூசியை நாங்கள் ஊதவில்லை. அந்தக் காலத்துக் கட்டைகளில் கல்நார் உண்டு. அது சுவாசப்பையைக் கெடுக்கும். இங்கிலாந்தில் கல்நாரை 1999-இல் அடியோடு தடை செய்துவிட்டார்கள். முகமூடி கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து எடுத்தோம். பிறகு பின் அச்சில் தாங்கியைப் பொருத்தி, தட்டை மாட்டி, அதன் மேல் காலிப்பரை வைத்தோம். காலிப்பரில் காற்று வெளியேறும் முனை உச்சியில் இருக்க வேண்டும். இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பூட்டினால் முனை கீழே போய்விடும்; எத்தனை நாள் பெடலை மிதித்தாலும் காற்று வெளியேறாது. கைப்பிரேக் கம்பியை வளைவில்லாமல் இழுத்துக் கட்டுவதற்கு மட்டும் ஒரு முழு நாள் பிடித்தது.

கடைசியில் புதிய எண்ணெய் ஊற்றினோம். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அது 155 டிகிரி வரையில்கூட இறங்கிவிடலாம். கொதித்து ஆவியானால் பெடலின் கீழ் ஆவிதான் இருக்கும், பிடிப்பு இருக்காது. டிஸ்க் மாட்டுவதைப் பற்றி இரவெல்லாம் யோசிக்கிறவர்கள், எண்ணெயை மாற்றி எத்தனை வருஷமாயிற்று என்று யோசிப்பதில்லை.

பரீட்சைக்குத் தனியார் நிலம் ஒன்றில் அனுமதி பெற்றோம். தரை மழையில் நனைந்திருந்தது. நான் ஓரமாக நின்று சக்கரங்களைக் கவனித்தேன். மகள் மணிக்கு 30 மைல் வேகத்தில் வந்து பிரேக்கை அமுக்கினாள். வால்வை முழுவதும் திறந்து வைத்திருந்த முதல் ஓட்டத்தில், பின் சக்கரங்கள் முந்தி இறுகின. வண்டி பாதி வட்டம் சுற்றி என்னைப் பார்த்து நின்றது. வெட்டவெளியானதால் சிரித்தோம். ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பாதாளமுமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். ஆறாவது ஓட்டத்தில் முன் சக்கரங்கள் முந்தி இறுகின. வண்டி கோடு போட்டாற்போல் நேராக நின்றது. அந்த இடத்தில் வால்வைப் பூட்டி வைத்தோம். ஒரு தடவை நிறுத்தும் தூரத்தை அளந்து பார்த்தால், டிரம் இருந்தபோது ஆனதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் பன்னிரண்டு தடவை அடுத்தடுத்து நிறுத்தியும் பெடல் முதலில் நின்ற உயரத்திலேயே நின்றது. நாங்கள் விரும்பியது அதுவே.

நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய வண்டிக்கு இங்கே வருஷாந்தரப் பரிசோதனை பெரும்பாலும் கட்டாயமில்லை. என்றாலும் நாங்களாகவே கொண்டு போனோம். இரட்டை வழி வண்டியின் கைப்பிரேக்குக்கு விதி கேட்பது 16 சதவீதத் திறன். எங்கள் வண்டிக்கு 21 வந்தது. இன்ஷியூரன்ஸ்காரருக்கும் மாற்றத்தை எழுதித் தெரிவித்தோம். கழற்றிய டிரம்மையும் கட்டைகளையும் ஒரு பெட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். வண்டியைப் பழையபடி பார்க்க யாராவது பிற்காலத்தில் ஆசைப்பட்டால் உதவும்.

ஜூலை மாதத்தில் மகள் புறப்பட்டாள். அவள் திரும்பி வரும் வரையில் ஸ்டெல்வியோ பாதையின் படம் எங்கள் சாப்பாட்டு மேஜையின் மேலேயே கிடந்தது. என் மனைவி வளைவுகளை எண்ணி எண்ணிப் பார்ப்பாள். எத்தனை தடவை எண்ணினாலும் 48-தான் வந்தது. பிராட்டோவில் இறங்கியதும் மகள் டெலிபோனில் பேசினாள்.

"பிரேக் எப்படியம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

"அதிகம் போடவே இல்லை, அப்பா. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? இரண்டாவது கியரிலேயே வந்துவிட்டேன். வளைவுக்கு வளைவு ஒரு தடவை தொட்டேன், அவ்வளவுதான்."

மூன்று வாரம் முதுகு ஒடிய வேலை செய்தவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமான பதில்தான். ஆனால் என் மனைவி டெலிபோனை வாங்கி, "உச்சியில் நிறுத்தினாயா? வண்டி நின்றதா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் நின்றது என்று பதில் வந்தது. பிறகுதான் அவள் மேஜை மேலிருந்த படத்தை மடித்து வைத்தாள்.