வாய்ப் புண்

வியாதிகளிலும் அந்தஸ்து உண்டு. ஜுரம் என்றால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவார்கள். வாய்ப் புண்ணுக்கு அந்த யோகம் இல்லை. உளுத்தம் பருப்பு அளவில் ஒரு வெண்புள்ளி, சுற்றிலும் சிவப்பு வளையம். அது படுத்துகிற பாடு உடையவனுக்குத்தான் தெரியும். ரசம் விரோதி, காப்பி விரோதி, பேச்சும் விரோதி. (கடைசியாகச் சொன்னதை மட்டும் என் வீட்டில் யாரும் ஒரு கஷ்டமாகக் கருதுவதில்லை.)

எங்கள் குடும்பத்தில் இதற்குப் பாட்டி காலத்திலிருந்து ஒரே மருந்து, மணத்தக்காளிக் கீரை. தேங்காய்ப் பால் விட்டுச் சாறு வைப்பார்கள். அது புண்ணை ஆற்றுகிறதா, தானாக ஆறும் புண்ணின் பக்கத்தில் நின்று பேர் வாங்கிக் கொள்கிறதா என்று கேட்டால், நான் இரண்டாவது கட்சி. சாதாரணப் புண் 7 முதல் 14 நாட்களுக்குள் தானே ஆறிவிடும். ஆயினும் அந்த நாட்களில் காரமில்லாத ஆகாரம் தொண்டையில் இறங்குவதே பெரிய உபகாரமல்லவா? வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிப்பதையும் டாக்டர்கள் ஆமோதிக்கிறார்கள்.

எதற்கும் "உடம்புச் சூடு" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அவசரச் சாப்பாட்டில் கன்னத்தைக் கடித்துக் கொள்வதும், கூரான பல் உரசுவதும், மனக் கவலையும் புண்ணை உண்டாக்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு இரும்புச் சத்தோ, ஃபோலிக் அமிலமோ, பி12 வைட்டமினோ குறைந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக் கொள்வதில்லை. இந்தப் புண் தொற்றாது. உதட்டோரத்தில் நீர்க் கொப்புளங்களாகக் கிளம்புவது வேறு ஜாதி, அது தொற்றும்.

இவ்வளவும் ஆறுகிற புண்ணின் சமாசாரம். என் பெரியப்பாவின் நாக்கோரத்தில் வந்த புண் கார்த்திகையில் ஆரம்பித்துத் தை பிறந்தும் ஆறவில்லை. வெற்றிலையும் புகையிலையும் அவருக்கு நாற்பது வருஷச் சிநேகிதம். "வலிக்கவே இல்லையே, அப்புறம் என்ன?" என்பார். அந்த வலியில்லாமைதான் பெரியம்மாவுக்குப் பயத்தைக் கொடுத்தது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-இல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகக் கூறியிருக்கிறது.

பெரியம்மா இரண்டு வேளை பட்டினி கிடந்து அவரைப் பல் டாக்டரிடம் கிளப்பினாள். சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை. நாக்கின் ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள்.

இப்போது பெரியப்பாவுக்கு ழகரம் வருவதில்லை. "வாளைப்பளம்" என்கிறார், பேத்தி சிரித்துக் கொண்டே திருத்துகிறாள். வெற்றிலைப் பெட்டியில் பெரியம்மா ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறாள்.