கணக்கில் குறையில்லை

கெண்டக்கியில் மார்ச் மாதத்துக் காலைக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. லெக்சிங்டன் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பிப்ரவரி நடுவில் தொடங்குகிற பொலிகாலம் ஜூலை தொடக்கம் வரை ஓடும். கொட்டகைக்குள் ஐந்து பேர் நிற்கிறார்கள். யாரும் பேசவில்லை. தரையெங்கும் ரப்பர்த் துகள் கொட்டியிருப்பதால் குளம்புச் சத்தமும் எழவில்லை.

பெட்டைக் குதிரையை முன்னதாகவே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். வாலில் துணிப்பட்டை சுற்றியிருக்கிறது. உதைத்தாலும் அடிபடாதபடி பின்னங்குளம்புகளுக்கு மெத்தை வைத்த உறை. மேலுதட்டில் கயிற்று வளையம் போட்டு ஒருவன் முறுக்கிப் பிடித்திருக்கிறான். அது பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, சற்று முன்பு வேறொரு ஆண்குதிரையைப் பக்கத்தில் விட்டார்கள். வம்சப் பெருமை எதுவும் இல்லாத குதிரை. அது மோந்து, கனைத்து, உடம்பெல்லாம் முறுக்கேறி நிற்கும்போது கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பண்ணையிலேயே பாவப்பட்ட வேலை அதற்குத்தான்.

அதன்பிறகு நாயகன் வருகிறான். கருஞ்சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வாசலைத் தாண்டியதும் கழுத்தை வளைத்து, மேலுதட்டைச் சுருட்டி உயர்த்திக் காற்றை முகர்கிறான். ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. வால் மேலும் கீழும் துடிப்பதை மானேஜர் கவனித்துத் தலையசைக்கிறார். இறங்கும்போது சொட்டியதைச் சின்னக் கோப்பையில் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறார். நுண்ணோக்கியில் குனிகிறார். கண்ணாடித் துண்டு முழுக்க விந்தணுக்கள் மொய்க்கின்றன. தலையிலும் வாலிலும் பழுதில்லை, நேராக நீந்துகின்றன. மானேஜரின் கட்டைவிரல் உயர்கிறது. தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமே கிடையாது. நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டியைத்தான் பதிவேடு ஏற்கும். அதனால்தான் இத்தனை சடங்கு.

சிக்கல் சுவரில் மாட்டிய பலகையில் இருக்கிறது. இடப்பக்கம் பெட்டைகளின் பெயர், வலப்பக்கம் ஸ்கேன் விவரம். 14-ஆம் நாள்: உண்டு. திரையில் கருப்பை நடுவே ஒழுங்கான கரிய வட்டம் தெரிந்திருக்கும். 30-ஆம் நாள்: இல்லை. அடுத்த பெயர்: உண்டு, இல்லை. அதற்கடுத்தது: உண்டு, இல்லை. இடையிடையே ஒன்று தப்பித்து ‘உண்டு, உண்டு’ என்று நிற்கிறது. மூன்றாவது பொலிகாலமாக இதே கதை.

முதலில் சோதனைக்குப் போனவை பெட்டைகள்தான். கருப்பையைக் கழுவினார்கள், கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள், சினை தங்க ஹார்மோன் கொடுத்தார்கள். மனிதக் குடும்பங்களிலும் வரிசை இதுதானே. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த, முன்பு குட்டி போட்ட பெட்டைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே கோளாறு வருமா என்று கேட்க இங்கே மூன்றாண்டு பிடித்திருக்கிறது.

இந்த ஊரில் எல்லோரும் சிகாரை நினைவு வைத்திருக்கிறார்கள். 1994 முதல் 1996 வரை தொடர்ந்து 16 பந்தயம் வென்ற குதிரை. பொலிக்கு விட்டார்கள், 34 பெட்டைகளில் ஒன்றுகூட அதற்குக் குட்டி போடவில்லை. காப்பீட்டு நிறுவனம் 2.5 கோடி டாலர் கொடுத்தது. அது வெளிப்படையான தோல்வி, ஓராண்டில் தெரிந்துவிட்டது. இங்கே கரு உண்டாகிறது, உண்டாகி அழிகிறது. அதனால் நம்பிக்கையும் சாகவில்லை.

கடைசியில் நாயகனையே சோதிக்க முடிவாகி, பச்சை மூடிக் குழாயில் அவன் ரத்தம் டெக்சாஸுக்குப் போகிறது. உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது; மறுநாளே சேர வேண்டும். உயிருள்ள வெள்ளணு இருந்தால்தான் வேலை நடக்கும். அங்கே ஆய்வுக்கூடத்தில் அதைத் தூண்டி மூன்று நாள் வளர்க்கிறார்கள். செல் இரண்டாகப் பிரியும் தறுவாயில் அப்படியே நிறுத்தக் கோல்ச்சிசின் வகை மருந்து. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகச் செங்காந்தள் பயிரிடுகிறார்களே, அந்த விதையில் இருக்கும் நஞ்சு. பிறகு நீர்த்த உப்புக் கரைசலில் செல்லை உப்பவைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் உயரத்திலிருந்து சொட்டுவிடுகிறார்கள். விழுந்த வேகத்தில் சிதறிய குரோமோசோம்கள் சாயம் ஏறி ஊதாவாகத் தெரிகின்றன.

திரை முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றாக இழுத்து ஜோடி சேர்க்கிறாள். குதிரைக்கு 64. அளவில் இரண்டாவது பெரியதாக எக்ஸ் வந்து உட்காருகிறது. ஒரு மூலையில் குட்டியாக ஒய். எக்ஸ் கூடுதலாக ஒன்று இருந்து 65 ஆகியிருந்தால் விதைகள் சிறுத்து, விந்தணுவே இல்லாமல் போயிருக்கும். அந்த வகையை லாயத்திலேயே சந்தேகித்துவிடலாம். இங்கே அப்படி எதுவுமில்லை.

“அறுபத்து நாலு. கணக்கு சரி” என்கிறாள், யாரிடமும் இல்லாமல்.

எழுந்திருக்கவில்லை. அடுத்த செல். அதற்கடுத்தது. ஒரு ஜோடியில் மட்டும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சின்னவற்றில் இன்னொரு ஜோடியிலும் அதே ஏற்றத்தாழ்வு. முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பட்டைகளை ஒப்பிடுகிறாள். இரண்டு சேலைகளின் முந்தானையை வெட்டி மாற்றித் தைத்தால் துணி ஒரு முழமும் குறையாது அல்லவா, அப்படித்தான் இருக்கிறது. பெரிய குரோமோசோமின் நுனி சின்னதிலும் சின்னதன் நுனி பெரியதிலும் ஒட்டியிருக்கின்றன. மரபுப்பொருள் எதுவும் தொலையவில்லை. ஆகவே குதிரை வாட்டசாட்டமாக ஓடுகிறது, ஜெயிக்கிறது, கனைக்கிறது.

விந்தணு உருவாகும்போதுதான் வினை. பாதிச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் அந்த நான்கும் ஜோடி தெரியாமல் சிலுவை வடிவில் பின்னிக்கொள்கின்றன. பிரிந்து போகையில் ஏறத்தாழ பாதி விந்தணுக்களுக்கு ஒரு துண்டு கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் போய்ச் சேர்கிறது. அவையும் நன்றாகத்தான் நீந்துகின்றன. முட்டையைச் சேர்ந்து கருவும் ஆகின்றன. மானேஜரின் நுண்ணோக்கிக்கு இது எப்படித் தெரியும்?

இதற்கு மருந்து கிடையாது. அறிக்கை போன மறுவாரம் பொலிக்கு விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தப்பிப் பிறந்தவைதான் மிச்சக் கேள்வி. ஒழுங்காக அமைந்த விந்தணுக்களிலும் பாதிதான் சுத்தம்; மறுபாதி அப்பனின் அதே இடமாற்றத்தைச் சுமக்கும். முதல் ஆண்டுக் குட்டிகளில் ஒன்று, அதே வெள்ளைச் சுட்டியோடு, வேலியோரம் மேய்கிறது. பெட்டை. செப்டம்பரில் கீன்லாண்டு ஏலத்துக்குப் போகிறது. வாங்குபவர் பார்க்க மூட்டுகளின் எக்ஸ்ரே உண்டு, தொண்டைக்குள் கேமரா விட்டு எடுத்த படம் உண்டு, தாய் தகப்பனை உறுதிசெய்த டிஎன்ஏ பதிவும் உண்டு. குரோமோசோமைப் பார்க்கச் சொல்லி ஏலவிதி கேட்பதில்லை. மானேஜரும் சொல்லப்போவதாகத் தெரியவில்லை.