குனியக் கற்றேன்

முதுகு நமக்குப் பின்னால் இருப்பதனாலோ என்னவோ, அது முறையிடும்வரை நாம் அதனை நினைப்பதில்லை. என் முதுகு இரண்டு வருடங்களாக முறையிட்டுக்கொண்டிருந்தது. நான் றக்வானையில் ஒரு தோட்டப் பாடசாலையின் ஆசிரியை. கரும்பலகையின் அடியில் எழுதக் குனிந்தால் நிமிர முடியாது. கைதவறி விழுந்த வெண்கட்டியை மாணவர்தாம் எடுத்துத் தருவார்கள். தைலம் பூசினேன், இடுப்புப்பட்டி கட்டினேன், விடுமுறையெல்லாம் படுத்தே கிடந்தேன். நோவு போகவில்லை, குனியும் துணிவுதான் போயிற்று.

இறுதியில் மருத்துவர், இரத்தினபுரிக்குச் சென்று இயன்மருத்துவம் தொடங்குமாறு எழுதிக் கொடுத்தார். அம்மா சிரித்தார்.

"இடுப்பு வலிக்கு யாராச்சும் இரத்தினபுரிக்குப் போவாங்களா? எனக்கு இல்லாத வலியா?"

அவர் சொன்னது மெய்யே. தலையில் மாட்டிய கயிற்றிலே கூடை தொங்க, சரிவான மலையில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். நிறுவையிற் குறைந்தால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. ஆதலால் நோவைப்பற்றிப் பேச அவருக்கு நேரம் இருந்ததில்லை.

கொடகவெல, காவத்தை, பெல்மதுளை என்று பஸ் குலுங்கிச் சென்றது. அங்கே எனக்குக் கிடைத்தது மருந்துமன்று, ஊசியுமன்று, கேள்விகள். கால் மரத்துப்போகிறதா, வலுவிழக்கிறதா, சிறுநீரை அடக்க இயலாமற் போகிறதா என்று இயன்மருத்துவரான இளம் பெண் வினவினார். அத்தகைய குறிகள் தோன்றினால் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டுமாம். எனக்கு அவை இல்லை.

"அப்படியானால் குனியுங்கள்" என்றார். நான் அஞ்சி நின்றேன். "உங்கள் முதுகு கண்ணாடியன்று. அசையாதிருந்தால் தசைகள் மேலும் தளரும்" என்று சிங்களத்திற் சொல்லி, தாமே குனிந்து காட்டினார்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்துதல், ஒவ்வொரு முழங்காலாக மார்புக்குக் கொணர்தல், நாள்தோறும் நடத்தல். இவ்வளவே சிகிச்சை. முதல் வாரம் நோவு சற்றுக் கூடவே, விட்டுவிடவும் எண்ணினேன்.

பின்னர்தான் சில செய்திகளைப் படித்தேன். 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு நோவுடன் இருந்தனராம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அந்நோவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சியையும் நோய்பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது; இடுப்புப்பட்டியை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நான் மலைபோல் நம்பியிருந்த பட்டியை அன்றே அவிழ்த்து வைத்தேன்.

நோவு முற்றாக நீங்கியதென்று சொல்லேன். ஆனால் ஆறாம் வாரத்தில், விழுந்த வெண்கட்டியை நானே குனிந்தெடுத்தேன். வகுப்பு ஒரு கணம் வாயடைத்து நின்றது.

ஒருநாள் மாலை நான் பாயில் படுத்துப் பயிற்சி செய்கையில், அம்மா கதவோரம் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"அந்த இடுப்பத் தூக்குறத எனக்கும் சொல்லிக்குடு புள்ள" என்றார் மெதுவாக.

முப்பது வருடம் கேலியாலும் சிரிப்பாலும் மூடி வைத்த நோவை அன்றுதான் அவர் ஒப்புக்கொண்டார். அதுவரை, "உங்களுக்கு எங்கே நோகிறது?" என்று நானும் கேட்டதில்லையே! அதை எண்ணுகையில் என் முதுகைவிட மனம் நொந்தது.

"உங்க வயசுக்கு எது சரின்னு அவங்களே பார்த்துச் சொல்லட்டும்" என்றேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் நோவைச் சொல்லாத ஒருவர் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை இரத்தினபுரி பஸ்ஸில் நான் இரண்டு டிக்கட் வாங்கினேன்.