கட்சி தந்த வேலை



என்னிடம் படித்த பிள்ளையொன்று புதுக் கட்சியொன்றில் சேர்ந்து ஓடித் திரிகிறாள். "நீங்க சொன்னாக் கேப்பாள் டீச்சர், நிப்பாட்டுங்க" என்று அவளுடைய உம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பழைய கட்சிக்காரங்களும் வந்தாங்க டீச்சர். உள்ளூராட்சித் தேர்தல்ல பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கணுமாம். உங்கட பேர் மட்டும் போதும், கூட்டத்துக்கும் வரத் தேவையில்ல எண்டாங்க. இவங்க வாக்காளர் இடாப்பைத் தந்து, வீடு வீடாப் போய்ப் பெண்கள்ட பிரச்சினையை எழுதிட்டு வரச் சொன்னாங்க."

எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது.

1981 இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ், 1986 இல் அரசியல் கட்சியானது. வாப்பா சேரும்போது அதற்கு ஒரு எம்.பி. கூட இல்லை. அதற்கு முன் வேறொரு கட்சிப் பிரமுகரின் வாசலில், வேலை கேட்டுக் கடிதத்தோடு நின்று களைத்தவர். புதுக் கட்சியிலும் உத்தியோகம் கிடைக்கவில்லை. ஆனால் பசை வாளியைக் கையில் கொடுத்து, "இந்த ரோட்டு உங்கட பொறுப்பு" என்றார்களாம். துவக்குகள் நடமாடிய காலம். அவர் போஸ்டர் ஒட்டி முடித்து வரும்வரை வாப்பும்மா வாசலில் முழித்திருப்பாராம். 1988 இல் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் கட்சி 17 ஆசனங்களை வென்றபோது, "நாங்க வெண்டுட்டம்" என்றாராம்.

ஏதாவது கிடைக்கும் என்றுதான் கட்சியில் சேர்கிறார்கள் என்போம். சிலர் அப்படித்தான். ஆனால் புதுக் கட்சியிடம் கொடுக்க என்ன இருக்கிறது? செய்யாத வேலைதான் மலைபோல் இருக்கிறது. பழைய கட்சியில் எல்லாக் கதிரையிலும் ஆள் இருக்கும். புதுக் கட்சியில் யாருமில்லாதவனுக்கும் முதல் நாளே ஒரு பொறுப்பு.

புதுக் கட்சியும் ஒருநாள் பழசாகும். கடைசிக் காலத்தில் ஏன் கூட்டங்களுக்குப் போவதில்லை என்று கேட்டேன். "கட்சி வளந்துட்டு மகள், இனி என்ட கை தேவையில்ல" என்றார் வாப்பா. அதில் பெருமையும் இருந்தது, கவலையும் இருந்தது.

பிள்ளையிடம் சொன்னேன்: "செய்யுங்க மகள். உங்கட பேர் மட்டும் போதும் எண்டு இவங்களும் சொல்ற நாளில வீட்ட வந்துடுங்க. இப்போதைக்கு மஃரிபுக்கு முன்ன வாங்க."

அவளுடைய உம்மா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.